தயிர் போல வெள்ளையாக இருந்த மூலிகை க்ரீம்

எனக்குத் தாடையில் முடி வரத் தொடங்கியது கல்லூரிக் காலத்தில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை த்ரெட்டிங், நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் பிளக்கர். இதையெல்லாம் வெளியில் சொல்ல வாய் வராது. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் சிலர் கடை விரிக்கிறார்கள்.

மும்பை தாராவியில் நம்ம ஆள் ஒருவரின் நாட்டு மருந்துக் கடை. "மூணு டப்பா பூசும்மா, வேரோட போயிடும்" என்றார். டப்பா 1,800 ரூபாய். கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, குப்பைமேனி என்று மேலே ஒட்டியிருந்தது. எல்லாம் பாட்டி சொன்ன பெயர்கள், வாங்கிவிட்டேன்.

அப்போதே உறைத்திருக்க வேண்டும். குப்பைமேனியை அரைத்தால் பச்சை. மஞ்சள் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். டப்பாவில் இருந்ததோ தயிர் போல வெள்ளை! லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி எதுவுமே இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்தானாலும் இவை லேபிளில் இருந்தாக வேண்டும்.

முதல் பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. த்ரெட்டிங்கால் வரும் சிவப்பும் பொரியும் அடங்கின. ஆபீஸில் இரண்டு பேரை நானே அந்தக் கடைக்கு அனுப்பி வைத்தேன். அந்தப் பாவம் தனிக் கணக்கு.

இரண்டாவது டப்பா பாதியில், ஸ்டேஷன் வரை வெயிலில் நடந்தாலே கன்னம் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தது. ஒருநாள் பூசாவிட்டால் சிவந்து வீங்கும், பூசினால் அடங்கும். கடையில் கேட்டால், "உள்ளே இருக்கிற நஞ்சு வெளியே வருதும்மா." சரி என்று மூன்றாவதும் வாங்கினேன். அப்புறம்தான் கவனித்தேன், அதுவரை வெறுமையாக இருந்த கன்னத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது.

தோல் டாக்டரம்மா பார்த்ததும் கேட்டது, "ஒரே வாரத்துல வெளுத்துச்சா?" டப்பாவைச் சோதனைக்கு அனுப்பாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முகத்தில் இருப்பதெல்லாம் ஸ்டீராய்டு க்ரீமின் அடையாளம் என்றார். அது தோலை மெலிதாக்கும், ரத்தக் குழாய்களை வெளியே காட்டும், பூசிய இடத்தில் முடியையும் வளர்க்கும். முடி போக 5,400 ரூபாய் கொடுத்து, முடி வாங்கி வந்திருக்கிறேன்.

மூலிகையே பொய் என்று நான் சொல்லவில்லை. ஈரானில் சோம்புச் சாறு சேர்த்த க்ரீமைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். 2 சதவீத க்ரீமில் முடியின் தடிமன் சுமார் 18 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதான். 'வேரோடு' எல்லாம் இல்லை. முகமுடிக்கான இங்கிலீஷ் மருந்து க்ரீமான எஃப்லோர்னிதினும் வளர்ச்சியைத்தான் மெதுவாக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய கதைதான்.

டாக்டர் அடுத்துக் கேட்டது மாதவிலக்கைப் பற்றி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து பிசிஓஎஸ் என்று தெரிந்தது. மாதவிலக்கைத் தாறுமாறாக்கி, முகத்தில் முடியையும் வரவைக்கும் ஹார்மோன் கோளாறு அது. இத்தனை வருடம் நான் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். "பத்தியம் இருந்தியா?" என்றார். பில்லாவது கொடுங்கள் என்றேன். "மூலிகைக்கு ஏதும்மா பில்லு?" மூன்றாவது டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமை லீவு போட்டு, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் மாநில உணவு, மருந்து நிர்வாக அலுவலகத்துக்கு அதை எடுத்துப் போகிறேன். ஆபீஸில் அந்த இரண்டு பேரிடமும் சொல்லியாகிவிட்டது. ஒருத்தி இன்னும் என்னோடு பேசவில்லை.