பாண்டா பார்க்கப் போகும் வேன்: ஏறுமுன் ஒரு வார்த்தை

மலேசியாவின் தேசிய மிருகக்காட்சிசாலையான சூ நெகாராவுக்குப் புது பாண்டா ஜோடி வரப்போகுது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, "அக்கா, நம்ம ஊர் வேன்ல சூ நெகாராவுக்குப் போலாமா?" என்று இதுவரை மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றி எத்தனையோ வருஷமாச்சு, எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கிருந்து சூ நெகாரா இருக்கும் உலு கிள்ளானுக்கு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் வேன்.

எங்கள் ஊர் வேன்காரர் ஒருவரின் வேனில் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை பாண்டாவின் முதுகைப் பார்த்தேன். இன்னொரு தடவை முகத்தைப் பார்த்தேன்.

முதுகு பார்த்தது 2014 ஜூலையில். சிங் சிங், லியாங் லியாங் என்ற இரண்டு பாண்டாக்களும் அந்த வருஷம் மே 21-ஆம் தேதிதான் சீனாவின் செங்டுவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கின. ஏப்ரலிலேயே வந்திருக்க வேண்டியது. எம்.எச்.370 என்ற மலேசிய விமானம் காணாமல் போய், அதிலிருந்தவர்களில் பாதிக்கு மேல் சீன நாட்டவர் என்பதால், அந்த நேரத்தில் கொண்டாட்டம் வேண்டாமென்று தள்ளிப் போட்டார்கள். வந்த பிறகும் ஒரு மாதம் யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்து, ஜூன் 28-இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயசு. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

வேன்காரர் ஏழு மணி என்றார். வந்தது எட்டே முக்கால். இஜோக்கில் பசியாற நிறுத்தினார். அவருக்கு ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் இரண்டு, கடைக்காரரோடு அரை மணி நேரம் அரசியல். லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஏர்கோன் போனது. உள்ளே நுழையும்போது மதியம் பன்னிரண்டரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மூட்டை கவிழ்ந்து கிடந்தது. மகள் "எழுந்திரு, எழுந்திரு" என்று கூப்பிட்டுப் பார்த்து அழுதே விட்டாள்.

பாண்டா மேல் தப்பில்லை. அதன் வயிறு இறைச்சி தின்கிற மிருகத்தின் வயிறு, தின்பதோ மூங்கில். தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டுவதில்லை. அதனால் நாளெல்லாம் தின்னும், மீதி நேரம் அசையாமல் படுத்துத் தெம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். படுத்துவிட்ட நேரத்தில் போனால் முதுகுதான்.

இரண்டாவது தடவை 2025 ஏப்ரல். மே மாதம் இரண்டும் சீனாவுக்குத் திரும்புகின்றன என்று கேள்விப்பட்டு, எண்பது வயசு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஆறரைக்கே நானே வேன்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பசியாற நிறுத்தக் கூடாதென்று வீட்டிலேயே நாசி லெமாக் கட்டி அவர் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டேன்.

பாண்டா உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது! அம்மா கண்ணாடியோடு ஒட்டி நின்றார். அது ஒரு கையால் மூங்கிலைப் பிடித்து, கடைவாயில் வைத்து ஒரு இழு இழுக்கும். பச்சைத் தோல் பட்டையாக உரிந்து தொந்தி மேல் விழும். உள்தண்டை மட்டும் கடித்து நொறுக்கும். அந்தச் சத்தம் கண்ணாடி தாண்டிக் கேட்பது போலவே இருந்தது. அதற்கு ஐந்து விரல் போக, மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு கட்டைவிரல் மாதிரி வேலை செய்கிறது. அம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "கத்தி பிடிக்கிற கை மாதிரி இருக்கு பாரு. இத வுட்டா ஒரு நிரை மரத்த வெட்டிப் போட்டுரும்" என்றார்.

பிறகு பாண்டா கூடத்து ஏர்கோன் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இது எத்தன வருஷ காண்ட்ராக்ட்டு?" என்று கேட்டார். பத்து வருஷம், சீனாவோடு உறவு ஏற்பட்டு 40 வருஷம் ஆனதற்காக வந்தது என்றேன். "இங்க பொறந்த குட்டிங்க?" 2015, 2018, 2021 என்று மூன்று பிறந்தன, மூன்றுமே சீனாவுக்குத்தான் போய்விட்டன என்றேன். கடைசிக் குட்டி பிறந்தது மே 31. 1974-இல் இரண்டு நாடும் உறவு ஏற்படுத்திக்கொண்ட அதே தேதி. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம தோட்டத்து லயத்துல ஏர்கோன் இல்ல. மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்" என்றார். பக்கத்தில் நின்ற மலாய்க்காரம்மா, என்ன சொல்கிறார் என்று கேட்டார். எப்படி மொழிபெயர்ப்பது? சிரித்து வைத்தேன்.

வேனைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. ஆளுக்கு 55 வெள்ளி (ரிங்கிட்), நுழைவுச்சீட்டு நம் செலவு. மைகாட் (மலேசிய அடையாள அட்டை) கொண்டு போங்க, சீட்டு விலை குறையும். இருக்கை கிழிசல். ஏர்கோன் இப்போது ஓடுகிறது, ஆனால் பின்வரிசைக்குக் காற்று வராது. ஆனால் ஒன்று: அம்மா இறங்கும்போது அவரே ஓடிவந்து ஒரு மரப்பெட்டியைக் கீழே போட்டுக் கைபிடித்து இறக்கினார். திரும்பும்போது அம்மாவுக்கு மூன்று இடத்தில் கழிப்பறைக்கு நிறுத்த வேண்டியிருந்தது, ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. இந்தக் குணத்துக்காகத்தான் திட்டிக்கொண்டே மறுபடியும் அவரையே கூப்பிடுகிறேன்.

முன்பணம் 20 வெள்ளிக்கு மேல் கொடுக்காதீங்க. புது ஜோடி வந்தால் நான் அவரிடம் சொல்லப்போவது இதுதான்: ஏழு மணிக்கு வேன் நகர்ந்தால் முழுப்பணம், அதற்கு மேல் ஒவ்வொரு பதினைந்து நிமிஷத்துக்கும் ஐந்து வெள்ளி கழிவு. நாசி லெமாக் மட்டும் எப்போதும் போல இலவசம்.