ரைசன் 9900எக்ஸா, கோர் அல்ட்ரா 265கே-வா? எனக்கு முடிவு சொன்னது மதர்போர்டு

ஒன்பது வருஷம் உழைத்த என் பழைய கம்ப்யூட்டர் 2025 மே மாதம் நின்றுபோனது. அதில் இருந்த ஐ7-6700 ப்ராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது மதர்போர்டு, அதாவது ப்ராசசர் உட்காரும் சாக்கெட் இருக்கும் பலகை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "இந்த சாக்கெட்டுக்கு நல்ல கம்பெனி போர்டு வர்றது நின்னுடுச்சு சார். செகண்ட்ஸ் தரேன், ஆனா டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான்." அந்த ப்ராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கும் அந்த 2025 அக்டோபரோடு ஆதரவு முடிய இருந்தது. புதிதாகவே கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

எனக்கு வேலை மூன்று வகை: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (காட்சியைப் படமாக்குவது), பெரிய சி++ ப்ராஜெக்டுகளை கம்பைல் செய்வது (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது), ராத்திரி கொஞ்சம் கேம். கேம் மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏஎம்டியின் எட்டு கோர் (வேலை செய்யும் மூளைகள்) 9800எக்ஸ்3டி எடுத்துவிடலாம். மூன்றும் வேண்டும் என்பதால் கடைசியில் இரண்டு தேறின: ஏஎம்டியின் ரைசன் 9 9900எக்ஸ், இன்டெலின் கோர் அல்ட்ரா 7 265கே.

வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 9900எக்ஸில் 12 கோர், 24 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). 265கே-வில் எட்டு பெரிய கோரும் பன்னிரண்டு சின்ன கோருமாக இருபது. எல்லா கோரையும் ஒருசேர விரட்டும் ரெண்டர் வேலையில் 265கே கொஞ்சம் முந்தும். கேமில் ஏறக்குறைய சமம். கடையில் எனக்குச் சொன்ன விலையிலும் 265கே-தான் மலிவு. சும்மா இருக்கும் நேரத்தில் கரண்ட் இழுப்பதிலும் இன்டெல்தான் குறைவு. இவ்வளவையும் ஒத்துக்கொண்டுதான் 9900எக்ஸை எடுத்தேன். அதற்குக் காரணம் மதர்போர்டு.

2016-ல் அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கியபோது சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151. மூன்று வருஷம் கழித்து எட்டு கோர் ஐ7-9700-க்கு மாறலாம் என்று ஆசைப்பட்டேன். அதுவும் எல்ஜிஏ1151 தான், பின் எண்ணிக்கையும் அதேதான். ஆனால் 300 வரிசை சிப்செட் (போர்டை நிர்வகிக்கும் சிப்) உள்ள புது போர்டு வேண்டும் என்றார்கள். ப்ராசசரோடு போர்டையும் மாற்றச் செலவு தாங்காது என்று விட்டுவிட்டேன். என் நண்பர் 2017-ல் ஏஎம்டியின் பி350 போர்டில் ரைசன் 5 1600 போட்டு ஆரம்பித்தவர். 2024-ல் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் ரைசன் 5000 வரிசையின் 5700எக்ஸ்3டி மாட்டினார். ரேம், எஸ்எஸ்டி, கூலர், கேபினெட் எதையும் மாற்றவில்லை. கழற்றிய பழைய ப்ராசசரையும் விற்றுவிட்டார். நான் முழு கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டியிருந்த இடத்தில் அவருக்கு ஒரு ப்ராசசர் செலவோடு முடிந்தது.

இன்டெலின் வழக்கம் அதற்குப் பிறகும் பெரிதாக மாறவில்லை. எல்ஜிஏ1200 இரண்டு தலைமுறையோடு முடிந்தது. 2021 நவம்பரில் வந்த எல்ஜிஏ1700 மூன்று தலைமுறை பார்த்தது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்தது, 265கே உட்காருவது அதில்தான். இதற்கடுத்த பெரிய தலைமுறை வேறு சாக்கெட்டுக்குப் போகிறது என்றே செய்திகள் வருகின்றன. 2022 செப்டம்பரில் வந்த, 9900எக்ஸ் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கோ 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ரைசன் 7000, 8000, 9000 மூன்றும் ஏற்கெனவே அதில் ஓடுகின்றன.

ஆனால் வாக்குறுதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. நண்பரின் பி350 போர்டுக்கு ரைசன் 5000 ஆதரவு எடுத்த எடுப்பில் கிடைக்கவில்லை. முதலில் பழைய போர்டுகளுக்குத் தரமாட்டோம் என்றார்கள். வாங்கியவர்கள் கொதித்த பிறகு 400 வரிசை போர்டுகளுக்கு வழிவிட்டார்கள்; பி350 அடங்கும் ஏஎம்டியின் 300 வரிசைக்கு 2022-ல்தான் கிடைத்தது. அப்போதும் இன்னொரு தடை இருந்தது. பல பழைய போர்டுகளில் பயாஸ் சிப் வெறும் 16 எம்பி. புது ப்ராசசர்களுக்கு இடம்விட வேண்டி, பழையவற்றின் ஆதரவையும் சில வசதிகளையும் பயாஸிலிருந்து நீக்கினார்கள்.

ஆகவே சாக்கெட் பெயரை மட்டும் பார்த்து ஏஎம்5 போர்டு வாங்கிவிடாதீர்கள். பயாஸ் சிப் 32 எம்பியாவது இருக்கிறதா, பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த பட்டன் இருந்தால் ப்ராசசரே மாட்டாமல், பென்டிரைவில் இருந்து பயாஸை ஏற்றிவிடலாம். கடையில் நாள்பட்டுக் கிடந்த பி650 (ஏஎம்5 போர்டில் ஒரு வகை) போர்டு 9000 வரிசையை அடையாளம் காணாமல் போகலாம். அப்போதும் இந்த பட்டன்தான் காப்பாற்றும். இந்த இரண்டும் இருந்த ஒரு பி650 போர்டு எடுத்தேன். எக்ஸ்870 வகை போர்டில் யுஎஸ்பி4 கட்டாயம் உண்டு, ஆனால் எனக்கு அது தேவைப்படவில்லை. மிச்சமான பணம் ரேமுக்குப் போனது.

ரேமில் ஒரே ஒரு எச்சரிக்கை. 64 ஜிபி வேண்டும் என்றால் 32 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குங்கள், 16 ஜிபி நான்காக வேண்டாம். ஏஎம்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் டிடிஆர்5 வேகம் வெகுவாக இறங்கிவிடும். இரண்டு குச்சியில் 6000 வேகம் எனக்குச் சிக்கலில்லாமல் ஓடுகிறது. முதல் தடவை ஆன் செய்ததும் போர்டு ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளும். சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும், பதறி ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.

சூட்டையும் பார்க்க வேண்டும். என் அறையில் ஏசி கிடையாது. சென்னை மே மாதத்தில், விசிறிக்குக் கீழேயே அறை 36 டிகிரி. 265கே முழு வேகத்தில் 250 வாட் வரை போகும். 9900எக்ஸின் உச்சம் 162 வாட். பயாஸில் எக்கோ மோடு போட்டு ‘65 வாட்’ என்று பெயருள்ள நிலைக்கு இறக்கினால், உண்மையான உச்சம் 88 வாட்டில் நிற்கும். கோடையில் அப்படித்தான் ஓட்டுகிறேன். கம்பைல் கொஞ்சம் மெதுவாகிறது, ஆனால் சாதாரண ஏர் கூலரே போதுமாக இருக்கிறது. இன்டெலிலும் இப்படி வாட் வரம்பு வைக்கலாம். அப்போது எது முந்தும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. 265கே-யைத் தம்பி வீட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்ததோடு சரி.

அந்தத் தம்பி இன்டெல்தான் எடுத்தான், அவனுக்கு அதுதான் சரி. கல்யாண வீடியோ எடுக்கிறான். அவன் கேமராவில் பதிவாவது 10-பிட் 4:2:2 எச்.265, நிற விவரம் கூடுதலாக இருக்கும் ஒரு வீடியோ வகை. இன்டெல் ப்ராசசருக்குள் இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ வசதி அதை வன்பொருளிலேயே விரித்துக்கொடுக்கும், டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ரைசனுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது வராது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஆனால் அவனிடம் இருப்பது பழைய கார்டு. அதை மாற்ற இப்போது பணம் இல்லாதவனுக்கு ப்ராசசரிலேயே கிடைப்பது பெரிய உதவி.

இன்டெலின் முந்தைய 14-ஆம் தலைமுறை 14700கே மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். 13, 14-ஆம் தலைமுறைகளில் அதிக வோல்டேஜால் ப்ராசசர் நாளடைவில் கெடும் பிரச்சினையை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. புதிதாக வாங்கி, முதல் நாளே பயாஸைப் புதுப்பித்தால் சரி. செகண்ட்ஸில் மட்டும் வாங்காதீர்கள். முந்தைய ஆள் எந்த பயாஸில் எத்தனை மாதம் ஓட்டினார் என்று நமக்குத் தெரிய வழியில்லை.

கிராபிக்ஸ் கார்டு எனக்கு பிளெண்டரால் முடிவானது. கேமுக்கு மட்டும் என்றால் ரேடியான் 9070 எக்ஸ்டி எடுத்திருப்பேன். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் தொழில்நுட்பம் முந்துவதால் 16 ஜிபி 5070 டிஐ வாங்கினேன். அது மட்டுமே 300 வாட். அதனால் பவர் சப்ளை 850 வாட் கோல்டு, யுபிஎஸ்ஸும் புதிது. பழைய 600 விஏ யுபிஎஸ் ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் இந்த சுமையைத் தாங்காது. பட்ஜெட் போடும்போதே யுபிஎஸ் விலையையும் சேர்த்துவிடுங்கள்.