நவம்பர் மியூல் மான் வேட்டைக்குக் கோடையில் இடம் பார்ப்பது: பல சீசன் பயன்பாட்டில் எது உதவுகிறது, எது உதவுவதில்லை

மேற்கு வட அமெரிக்காவின் பெருங்காது மானான மியூல் மானுக்காக, ராக்கி மலைத்தொடரில் ஜூலை மாதம் இடம் பார்க்க ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மானைத்தான் தேடுகிறார்கள். செப்டம்பர் வில் வேட்டைக்கு அது சரி. நவம்பர் துப்பாக்கி வேட்டைக்கு அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண். கோடையில் ஆண் மான்கள் வெல்வெட் (வளரும் கொம்பை மூடும் மென்மயிர்த் தோல்) போர்த்திய கொம்போடு, மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே கூட்டமாக மேயும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வெல்வெட் உரிந்ததும் கூட்டம் கலையும். பிறகு பனி அவற்றைக் கீழே தள்ளும். நவம்பர் நடுவில் இணைசேரும் காலம் என்பதால் பெண் மான்கள் எங்கே இருக்கின்றனவோ, ஆண்களும் அங்கேதான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ரெட் டெசர்ட்டுக்கும் ஹோபேக்குக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர் வலசை போகும் மந்தைகள் உண்டு. ஜூலையில் குறித்துவைத்த பெரிய கொம்பு நவம்பரில் வேறு மாவட்டத்திலேயே இருக்கலாம். அதனால் கோடையில் பார்க்க வேண்டியது போன குளிர்காலம் விட்டுப்போன தடயங்களை. கருவிகளையும் அந்தக் கண்ணோடுதான் மதிப்பிட்டிருக்கிறோம்.

செலவில்லாத தடயம் புழுக்கை. பசும்புல் மேயும் காலத்தில் ஈரம் அதிகம் என்பதால் மென்மையாக, ஒன்றோடொன்று ஒட்டி விழும். காய்ந்த புதர்களைக் கடிக்கும் காலத்தில் தனித்தனி மணிகளாகக் கெட்டியாக விழும். சேஜ், பிட்டர்பிரஷ் புதர்கள் உள்ள சரிவில் வெளிறிய கெட்டிப் புழுக்கை கொட்டிக் கிடந்து, புதர்களின் நுனியும் கத்தரித்தாற்போல் கட்டையாக இருந்தால், அங்கே மான்கள் குளிர்மாதங்களில் தங்கியிருக்கின்றன. பட்டை உரிந்து பிசின் காய்ந்த மரங்களையும் குறியுங்கள்; அவை போன இலையுதிர்காலத்தில் கொம்பு தேய்த்த இடங்கள். உதிர்ந்த கொம்பை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. அது விழுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அது காட்டுவது நடுக்குளிர்கால இடத்தை; நவம்பர் இடம் பல சமயம் அதற்கு மேலே, வலசைப் பாதையில் இருக்கும். வலசைக் காலத்தின் பெரும்பகுதியை மியூல் மான்கள் நடப்பதில் அல்ல, வழியில் நின்று மேயும் திட்டுகளில்தான் கழிக்கின்றன. தேட வேண்டியது அந்தத் திட்டுகளை.

ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தூரத்து விலங்கைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) முன்லென்ஸ் விட்டம் 65 மில்லிமீட்டர் போதும். 85-இன் பலன் விடியலின் மங்கிய ஒளியில் தெரியும். அந்தப் பலனுக்காக அத்தனை எடையை மேலே தூக்க வேண்டியதில்லை. வெயில் ஏறி ஓரிரு மணி நேரத்தில் கானல் அலையத் தொடங்கிவிடும். பிறகு உருப்பெருக்கத்தை 60 மடங்கில் வைத்தால் படம் நீரில் கரைந்ததுபோல் தெரியும், 25-க்கு இறக்கினால்தான் தேறும். பெரும்பாலான வேலையை டிரைபாடில் (முக்காலி) பூட்டிய 10×42 (10 மடங்கு, 42 மில்லிமீட்டர் லென்ஸ்) பைனாகுலரே முடித்துவிடுகிறது. ஜூலையில் ஆஸ்பென் மரங்களின் இலைகள் மறைக்கும் சரிவு, இலை உதிர்ந்துவிடுவதால், நவம்பரில் திறந்திருக்கும். பார்வை மறைகிறது என்று எந்த மேட்டையும் ஒதுக்காதீர்கள். உங்களை மறைக்கும் ஆஸ்பென் தோப்பும் அன்று மொட்டையாகத்தான் நிற்கும்.

டிரெயில் கேமராவுக்கு (விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும், மரத்தில் கட்டும் கேமரா) முதலில் சட்டம். அரிசோனாவில் வேட்டைக்காகக் கேமரா வைப்பதே 2022 ஜனவரி முதல் தடை. பொது நிலத்தில் யூட்டாவில் ஜூலை 31 முதலும், நெவாடாவில் ஆகஸ்ட் 1 முதலும், டிசம்பர் 31 வரை கூடாது. அனுமதி உள்ள மாநிலத்தில், கோடையில் கணவாயில் கட்டி அடுத்த கோடையில் கழற்றுவதே இந்த வேட்டைக்குச் சரியான முறை. முதல் பனிக்குப் பின் எந்தத் தேதிகளில் மான்கள் கடக்கின்றன என்பது அந்தப் படங்களின் நேரக்குறிப்பில்தான் கிடைக்கும். பனி மூடாதபடி 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து, லென்ஸ் வடக்குப் பார்க்கக் கட்டுங்கள். பாதைக்கு 45 டிகிரி கோணம் வேண்டும். நேரே எதிரே வரும் விலங்கை பிஐஆர் சென்சார் (உடல்வெப்பத்தின் அசைவை உணர்வது) தாமதமாகத்தான் உணரும். அல்கலைன் பேட்டரி குளிரில் படுத்துவிடும். லித்தியம் ஏஏ மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். வெற்றுப் படங்கள் கார்டை நிரப்ப முக்கியக் காரணம், வெயிலில் சூடான புல் காற்றில் ஆடுவது. முன்னால் உள்ள புல்லையும் தாழ்ந்த கிளையையும் அகற்றாமல் கிளம்பாதீர்கள்.

வரைபடச் செயலியில் அதிகம் பயன்பட்டது, சரிவு எவ்வளவு செங்குத்து என்று காட்டும் சரிவுக்கோண அடுக்கு. 45 டிகிரி வட அட்சரேகையில் நண்பகல் சூரியன் ஜூலை நடுவில் ஏறத்தாழ 66 டிகிரி உயரத்தில் நிற்கும். நவம்பர் நடுவில் 27-ஐக்கூடத் தொடாது. அதைவிடச் செங்குத்தான வடக்குச் சரிவில் அன்று நேர்வெயிலே விழாது. பனி உருகாது, குளிர்ந்த காற்று பகலிலும் கீழ்நோக்கியே வழியும். ஜூலையில் காலை பத்து மணிக்கு மேலேறிய காற்றை நம்பி நவம்பர் ஏற்றத்தைத் திட்டமிட்டால், உங்கள் வாடை மானுக்கு முன்னரே போய்ச் சேரும். தெற்குச் சரிவில் பனி முதலில் விலகும், மேய்ச்சலும் அங்கேதான்.

சாலையையும் கோடையிலேயே சரிபார்க்க வேண்டும். அமெரிக்க வனத்துறை இலவசமாகத் தரும் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தில், எந்தக் காட்டுச்சாலை எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்று இருக்கும். ஜூலையில் வண்டி நின்ற இடம் நவம்பரில் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கலாம். இறைச்சியைச் சுமக்கும் தூரத்தை அந்தக் கேட்டிலிருந்து கணக்கிடுங்கள். கோடையில் ஓடும் ஊற்றுகளையும் நம்ப வேண்டாம், பல உறைந்திருக்கும். குடிநீரைச் சுத்தப்படுத்தும் நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் உள்ளே வெடித்து, வெளியே தெரியாமல் பயனற்றுப்போகும். நவம்பருக்கு பனியை உருக்கிக் கொதிக்கவைக்கும் அளவு எரிவாயு கொண்டுபோங்கள்.