பழைய டெஸ்க்டாப்: பாகங்களை மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததும் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, தினமும் செய்யும் வேலையைக் கொஞ்ச நேரம் செய்யுங்கள். டிஸ்க், ரேம், பிராசஸர் மூன்றில் எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

டிஸ்க் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஸ்எஸ்டி போடுங்கள், அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், வேண்டிய தகவல் அதைப் படிக்கும் ஹெட்டுக்கு நேராகச் சுற்றி வரவே சராசரியாக 4 மில்லிசெகண்டு ஆகிறது. ஹெட் நகரும் நேரம் தனி. விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னத் தேடல்கள் நடக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை, அதனால் இந்தக் காத்திருப்பும் இல்லை. பத்து வருட மெஷினில்கூட வித்தியாசம் உடனே தெரியும். பிறகு புதிது வாங்கினாலும் இதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் போட்ட காசு வீணாகாது.

ரேமுக்கு அந்த வசதி கிடையாது. பழைய தலைமுறையான டிடிஆர்4 ரேம், புதிய டிடிஆர்5 ரேமுக்கான போர்டில் உட்காரவே உட்காராது. 4 ஜிபியோடு தவிப்பவர்கள் 8 அல்லது 16-க்குப் போகலாம், அதற்கு மேல் பழைய மெஷினில் கொட்ட வேண்டாம்.

பிராசஸர்தான் பிரச்சினை என்றால் கதையே வேறு. அதை மாற்றினால் பெரும்பாலும் மதர்போர்டையும் மாற்ற வேண்டும், அப்புறம் ரேம், அப்புறம் பவர் சப்ளை. இன்டெல்லில் 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பெயர் ஒன்றுதான், ஆனாலும் பழைய போர்டு புது சிப்பை ஏற்காது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம்: 2017-இல் வந்த பல போர்டுகளே பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் ரைசன் 5000 வரிசை பிராசஸர்களை ஏற்கும். மற்றவர்கள் புதிது வாங்குவதே மேல். ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழைய பவர் சப்ளையில் புது போர்டை ஓட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும். பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை, அதற்குப் பிறகு வந்தவை தேறும். உங்களுடையது தேறினால் எஸ்எஸ்டியும் ரேமும் போட்டு இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம். தேறாவிட்டால், பிரவுசரும் கடிதம் அடிப்பதும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால் புதிது வாங்குங்கள்.

அப்போதும் மானிட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால், புது மெஷினில் அந்த போர்ட் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் இப்போது எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான் வருகின்றன.