கேம்பிரிட்ஜ் பண்ட் படகு: கழியை நீங்களே பிடிப்பதானால்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் ஓடும் கேம் ஆற்றில், நீண்ட கழியை ஊன்றித் தள்ளும் 'பண்ட்' படகுச் சவாரி இரண்டு விதம். ஓட்டுபவரோடு பெரிய படகில் ஏறி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வரலாம். 12 பேர் வரை ஏற்றுவார்கள். இல்லையென்றால் 6 பேர் கொள்ளும் படகை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நீங்களே தள்ளலாம். மூட்டுவலிக்காரரோ கைக்குழந்தையோ கூட வந்தால் யோசிக்காமல் முதலாவது. மற்றவர்களுக்கு இரண்டாவதில்தான் கொடுத்த காசுக்குச் சுகம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு எடுப்பது வீண். முதல் அரை மணி கரையில் முட்டி முட்டியே போய்விடும். இரண்டு மணி நேரமாக எடுங்கள்.

படகு சுமார் 24 அடி நீளம், 3 அடி அகலம். அடிப்பாகம் பலகை போலத் தட்டை, அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா என்னும் முதுகுக்கட்டை கிடையாது. அதனால் எளிதில் கவிழாது, ஆனால் சொன்ன பேச்சும் கேட்காது, பக்கவாட்டில் சறுக்கும். ஏறக்குறைய 16 அடிக் கழியை ஆற்றின் தரையில் ஊன்றித்தான் தள்ள வேண்டும். கேம்பிரிட்ஜில் பின்முனை மேடை மேல் ஏறி நிற்பார்கள். ஆக்ஸ்போர்டில் மேடையை முன்பக்கம் விட்டு, படகுக்குள் நின்று தள்ளுவார்கள். படகைத் தலைகீழாக ஓட்டுகிறார்கள் என்று ஒரு ஊர் இன்னொரு ஊரைக் கேலி செய்வது இன்னும் ஓயவில்லை.

இந்தச் சேவையின் பெரிய குறை, துறையில் கிடைக்கும் பயிற்சி. இரண்டு நிமிடம் செய்து காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கழியை ஊன்றச் சொல்கிறார்கள்; தள்ளிய பிறகு என்ன செய்வது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

மேடையில் பக்கவாட்டாகத் திரும்பி, கால்களை அகட்டி நில்லுங்கள். கழியைப் படகின் ஓரத்தை ஒட்டி, செங்குத்தாகப் பிடித்துக் கையைத் தளர்த்துங்கள். குத்த வேண்டாம், அதுவே வழுக்கி இறங்கும். தரை தட்டியதும் கை மேல் கை மாற்றி நிதானமாகத் தள்ளுங்கள். படகு முன்னால் போகும், கழி பின்னால் சாயும். அந்த நொடியில் ஒரு சின்னத் திருகு திருகி உருவினால் சேறு விட்டுவிடும். உருவிய கழியை உடனே தூக்காமல் பின்னால் மிதக்க விடுங்கள், அதுதான் சுக்கான். கழியின் வாலை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். புதிதாகப் பிடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு அடுத்த ஊன்றலுக்குப் போகிறார்கள். படகு கோணல்மாணலாகச் சுற்றுகிறது.

கழி சேற்றில் மாட்டிக்கொண்டு, ஒரு இழுப்புக்கு வரவில்லையா? விட்டுவிடுங்கள். பிடித்துத் தொங்கினால் படகு காலடியில் நழுவிப் போகும், நீங்கள் கழியோடு ஆற்றின் நடுவில் நிற்பீர்கள். படகில் ஒரு சின்னத் துடுப்பு கிடக்கும்; அதை வலித்துத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். துறையை விட்டுக் கிளம்பும் முன் அந்தத் துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரிகளின் பின்புறம் ஓடும் 'பேக்ஸ்' பகுதியில் ஆற்றின் நடுவிலேயே செல்லுங்கள். கரையோரம் படகு இழுக்கும் பாதைக்குக் கல்லூரிகள் இடம் தராததால், சரக்குப் படகை இழுத்த குதிரைகள் ஆற்றுக்குள்ளேயே நடந்தன. அவற்றுக்காகப் போட்ட சரளைத் தடத்தில் கழி கெட்டியாக ஊன்றும்.

பாலங்களுக்கு ஒரு படகு நீளம் முன்பே தள்ளுவதை நிறுத்தி, கழியைத் தாழ்த்திக் குனிந்துகொள்ளுங்கள். 1640-ல் கட்டிய கிளேர் பாலத்தின் 14 கல் உருண்டைகளில் ஒன்றில் சுளை எடுத்தது போல ஒரு துண்டு இல்லை. கழி பிடிக்காதவர்கள் தேடட்டும். குயின்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார் என்று ஓட்டுபவர் யாராவது கதைவிட்டால் சிரித்துவைக்கலாம். அவர் இறந்தது 1727-ல், பாலம் கட்டியது 1749-ல்.

உட்கார்ந்திருப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, விரல்களைப் படகின் விளிம்புக்கு வெளியே விடக் கூடாது. கோடைச் சனிக்கிழமை மதியம் படகோடு படகு உரசித்தான் போக வேண்டியிருக்கும், இரண்டுக்கும் நடுவில் விரல் அகப்பட்டால் நசுங்கிவிடும். வேலை நாளில் காலை 11 மணிக்கு முன் போனால் இந்த நெரிசலே இல்லை.

மில் லேன் துறையிலிருந்து மேல் ஆற்றில் கிரான்செஸ்டர் கிராமம் வரை சுமார் 2 மைல். அங்கே மரமும் புல்வெளியும்தான், கல்லூரிகள் கிடையாது. சேறு அதிகம், கழி அடிக்கடி மாட்டும். போய்வர அரை நாள் ஒதுக்க வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

புடவை, வேட்டி, தோல் செருப்பு மூன்றும் மேடைக்கு ஆகாது. ஈரப் பலகை வழுக்கும். ரப்பர் அடி வைத்த காலணி போடுங்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுங்கள். கழியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் அதன் வழியாக ஒழுகி அக்குள் வரை வரும்.