சக்லாவி குலம் என்று நம்பி 42,000 திர்ஹம் இழந்தேன்

குதிரை விற்பனைக்கென்றே நடக்கும் ஓர் இணையச் சந்தையின் வழியாக, மூன்று வாரங்களுக்கு முன் 42,000 திர்ஹம் கொடுத்து நான் வாங்கிய அரபுப் பெட்டைக் குதிரை, அதன் ஆவணத்தில் உள்ள குதிரையே அல்ல என்பது நேற்று மாலை உறுதியாகிவிட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். பதற்றம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜாவில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் எனக்குப் பந்தயக் குதிரையிலோ அழகுப்போட்டிக் குதிரையிலோ நாட்டம் இல்லை. பாலைவன நாடோடி அரபுகளான பெதூயின்கள் குதிரையின் குலத்தைத் தாய்வழியாகவே கணக்கிட்டார்கள். குஹைலான், சக்லாவி, அபய்யான், ஹம்தானி, ஹத்பான் என எந்தக் குலப்பெயரும் தாயிடமிருந்துதான் குட்டிக்கு வரும். தந்தை எவ்வளவு பேர்போன பொலிகுதிரையானாலும் அவன் குலப்பெயர் குட்டிக்குச் சேராது. அந்த வரிசையில் ஒரு தாயைப் பற்றி ஐயம் எழுந்தாலும் அவள் வழியில் வந்தவற்றை ‘அசீல்’, அதாவது கலப்பற்ற தூய வழி, என்று ஏற்கமாட்டார்கள். குழிந்த முகத்துக்கே சந்தை மதிப்பு இருக்கும் இந்நாளில், பழைய தாய்வழி ஒன்றை ஒரு பெண்குட்டியளவாவது நீட்டித்துவிட வேண்டும் என்பதே என் ஆசை. அந்த ஆசையைத்தான் அவர்கள் விலைபேசினார்கள்.

லாயத்துக்குப் போன அன்று சந்தையின் முகவர், நம் ஊர்ப் பிள்ளை, கஹ்வா (அரபுக் காப்பி) ஊற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் குதிரையின் ஏழு தலைமுறைத் தாய்களின் பெயர்களை எதையும் பார்க்காமல் ஒப்பித்தார். பிறகு ‘ஹுஜ்ஜா’ என்று பழுப்பேறிய ஒரு தாளை விரித்தார். பழங்குடித் தலைவர்கள் குதிரையின் வழியைச் சத்தியம் செய்து எழுதித் தரும் சாட்சிப் பத்திரம் அது. அதில் மூன்று முத்திரைகள் இருந்தன. “அண்ணே, 1906இல் அமெரிக்கர் டேவன்போர்ட் 27 குதிரைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது இந்த மாதிரித் தாள்தானே ஆதாரம்?” என்றார். நான் என்னென்ன படித்திருக்கிறேன் என்பதை என் வாயிலிருந்தே முன்பே பிடுங்கியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு முன்பணம்கூட வேண்டாம் என்றதில்தான் முழுதாக விழுந்தேன். பணம் கொடுத்த நாளில் குதிரையின் தோலுக்கடியில் இருக்க வேண்டிய அடையாளச் சிப்பின் எண்ணைப் படிக்க, கழுத்தில் வைத்துப் பார்த்த கருவி மௌனமாக இருந்தது. “உள்ளே நகர்ந்திருக்கும், சகஜம்” என்றார், தலையாட்டினேன்.

பெயர் மாற்றத்துக்காகக் குதிரையைப் பார்க்க வந்த மருத்துவர், குதிரையின் அடையாள ஆவணமான கடவுச்சீட்டில் இருந்த படத்தையும் குதிரையின் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் கண்களுக்கு நடுவே ஒரு சுழி. இவளுக்கோ ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு. சுழி வயதோடு மாறுவதில்லை. மாடு பிடிக்கப் போகும் என் தாத்தா முதலில் பார்ப்பதே சுழியைத்தான். நான் முத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேரோடு பிடுங்கி அனுப்பிய பிடரிமயிரின் மரபணு முடிவும் வந்துவிட்டது: ஆவணத்தில் தாயாகக் குறித்த குதிரைக்கு இவள் பிறந்திருக்க முடியாது. இனி இவள் ஈனும் குட்டியை எந்தக் குலத்தில் சேர்ப்பது?

சந்தையின் அலுவலகத்தை அழைத்தால், முதல் நாள் மேலாளர் பயணத்தில் இருந்தார். மறுநாள், குல விவரம் விற்பவர் தந்தது, தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். 42,000 திர்ஹம் என்று மூன்றாம் முறை சொன்னபோது, அடுத்த குதிரைக்குக் கட்டணத்தில் ஐந்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள்! முகவரோ, “குதிரை நல்லாத்தானே இருக்கு அண்ணே?” என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார்.

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்போது இயலவில்லை. சிப் எண் கருவியில் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். படத்தோடு சுழியை ஒப்பிடுங்கள். மயிரை உங்கள் கண்முன் பிடுங்கச் செய்து, நீங்களே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஹுஜ்ஜாவின் நகலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புகார் கொடுக்க 42,000 திர்ஹமுக்கான ரசீதை அரபியில் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலை லாயத்தில் அவளுக்குத் தீனி வைத்துவிட்டு அதற்குத்தான் போகிறேன்.