மானிட்டர் கறுத்துப் போகும் அந்த இரண்டு நொடி: ஐந்து வருட அனுபவம்

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். பட்டுச் சேலைக்கான பார்டர், புட்டா, முந்தி டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கிராஃப் போட்டு, தறிக்கு அட்டை அடிக்கிறவர்களிடம் கொடுப்பது என் தொழில். கிராஃபில் ஒரு கட்டம் தவறினால் துணியில் அது அப்படியே தெரியும். அதனால் நாள் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருப்பது மானிட்டரைத்தான். 2020 டிசம்பரில் வாங்கிய 24 அங்குல மானிட்டர், 75 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 75 தடவை படத்தைப் புதுப்பிக்கும் வேகம் வரை, போகும். அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசம் இன்றைக்கும் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஸ்டாண்டு மட்டும் கொஞ்சம் ஆடும். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த ஐந்து வருடத்தில் அது என்னை அலைய வைத்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்: கம்ப்யூட்டரைப் போடும்போது நடுவில் கறுத்துப்போவது.

வாங்கிய முதல் நாளே கவனித்தேன். ஸ்விட்சைப் போட்டதும் மதர்போர்டு கம்பெனியின் லோகோ வருகிறது, விண்டோஸின் புள்ளி வட்டம் சுற்றுகிறது, திடீரென்று திரை முழுக்க இருட்டு. இரண்டு நொடியில் பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்துவிடும். ஆனால் புதுப்பொருள் ஆயிற்றே, மனது கேட்கவில்லை. மாட்டிக்கொடுத்த தம்பிக்கு போன் பண்ணினேன். "அது எல்லாத்துக்கும் அப்படித்தான் அக்கா, விடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. அந்த ஏன் அன்றே தெரிந்திருந்தால் பின்னால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நடப்பது இதுதான். கம்ப்யூட்டர் எழுந்தவுடன் திரையில் படம் காட்டுவது மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள். அது பாதுகாப்பாக, எல்லா மானிட்டரும் ஏற்றுக்கொள்ளும் ஒரு அளவில் காட்டும், பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில். விண்டோஸ் பாதி ஏறியதும், திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகத்தில், என்னென்ன அளவில், எத்தனை ஹெர்ட்ஸில் காட்ட முடியும் என்ற விவரம் இருக்கிறது. இதை ஈடிஐடி என்பார்கள். டிரைவர் அதைப் பார்த்து, நாம் செட் பண்ணி வைத்திருக்கும் 75 ஹெர்ட்ஸுக்கு மாற்றுகிறது. மாற்றும்போது பழைய சிக்னல் நிற்கும். புது சிக்னல் வந்து, மானிட்டர் அதைப் பிடித்து, படம் காட்ட ஒன்று முதல் மூன்று நொடி ஆகும். இந்த இருட்டு ஒரு நோய் அல்ல. விண்டோஸ் அப்டேட்டில் டிரைவர் மாறும்போதும் இதே மாதிரி ஒருமுறை இருட்டாகும். விண்டோஸ் கீயோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அப்போதும் இதைப் பார்க்கலாம்.

என் மகன் லேப்டாப்பில் ஃபெடோரா லினக்ஸ் வைத்திருக்கிறான். அதில் இந்த இருட்டே வருவதில்லை. பயாஸ் போட்ட படத்தை இன்டெல் டிரைவர் கலைக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்கிறதாம். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் இதற்காக என் டிசைன் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாற முடியாது.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். 2023 கோடையில் தறி அறைப் பக்கம் வெயில் தாங்காமல் மேஜையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். அடுத்த வாரமே இருட்டு மாறிவிட்டது. லோகோ வரும், வட்டம் சுற்றும், அப்புறம் ஆறேழு நொடி இருட்டு. "நோ சிக்னல்" என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் மிதக்கும். பிறகு படம் வரும், மறுபடி போகும். சில நாள் வரவே வராது. கல்யாண ஆர்டர் ஒன்று கையில் இருந்தது, முந்தியில் பாதி முடித்திருந்தேன். பதற்றத்தில் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். போட்டுக்கூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். எனக்கு அது பொருந்தவே இல்லை. போர்டு போயிருந்தால் லோகோ மட்டும் எப்படி ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று வரும்? திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். போனை ஸ்டாண்டில் வைத்து, கம்ப்யூட்டர் ஏறுவதை முழுதாக வீடியோ எடுத்தேன். கண்ணால் பார்க்கும்போது பதற்றத்தில் பத்து நொடியாகத் தெரிவது, வீடியோவில் நான்கு நொடியாக இருக்கும். அதனால் இதை யாருக்கும் முதலில் சொல்வேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், மானிட்டர் ஓரத்தில் உள்ள சின்ன விளக்கு வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறுவது தெரிந்தது. விளக்கு அணையவில்லை. அப்படியென்றால் மானிட்டருக்குக் கரண்ட் போகிறது. "நோ சிக்னல்" என்ற எழுத்து தெரிகிறது. அப்படியென்றால் திரையும் பின்விளக்கும் வேலை செய்கின்றன. கோளாறு மானிட்டருக்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

அடுத்து சேஃப் மோடில் போட்டேன். அதில் கிராபிக்ஸ் டிரைவர் ஏறாது, பயாஸ் கொடுத்த அளவிலேயே ஓடும். ஒரு மணி நேரம் விட்டும் ஒரு சொட்டு இருட்டு வரவில்லை. சாதாரணமாக ஏற்றி, படம் நின்ற ஒரு தருணத்தில் டிஸ்ப்ளே செட்டிங்கில் 75-ஐ 60 ஆக்கினேன். அதன் பிறகு நான்கு தடவை ரீஸ்டார்ட், நான்கும் சுத்தம். ரீஸ்டார்ட் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருக்கும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. டிரைவர் இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. எந்தச் சோதனை செய்தாலும் ரீஸ்டார்ட்டில் செய்தால்தான் நம்பலாம்.

60-இல் நிற்கிறது, 75-இல் விழுகிறது. மேஜையை நகர்த்தியபோது மானிட்டரோடு வந்த எச்டிஎம்ஐ கேபிள் எட்டவில்லை என்று, பழைய டிவிக்கு வாங்கிய ஐந்து மீட்டர் கேபிளை மாட்டியிருந்தேன். அதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தேன். சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் நசுங்கி, முனை அருகே நகக்கீறல் போல வெள்ளைக் கோடு விழுந்து மடிந்திருந்தது. 75 ஹெர்ட்ஸ் என்றால் 60-ஐவிடக் கால் பங்கு கூடுதல் தகவல் அதே கம்பியில் ஓட வேண்டும். நீளமும் கூடி, மடிப்பும் விழுந்த அந்தக் கேபிள் 60-ஐத் தாங்கியது, 75-ஐத் தாங்கவில்லை. லோகோ ஒழுங்காக வந்து, டிரைவர் ஏறியதும் படம் போனதற்கு இதுதான் விடை. மேஜையை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி, பழைய சின்னக் கேபிளையே மாட்டினேன். பைசா செலவில்லை. இருட்டு பழையபடி இரண்டு நொடிக்கு வந்துவிட்டது. கல்யாண முந்தியும் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது.

போன வருட மழையில் ஏற்காட்டிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டார். அங்கே ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறார். "உன் மானிட்டர் மாதிரியே இங்கேயும் கறுக்குது பாப்பா, கேபிளை மாத்திட்டேன், சரியாகல" என்றார். விளக்கு என்ன நிறம் என்று கேட்டேன். அணைந்தே போகிறது என்றார். இது வேறு என்று அப்போதே தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய்ப் பார்த்தேன். காலையில் ஆபீஸைத் திறந்ததும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போடுகிறார்கள். மோட்டார் உறுமும் நொடியில் மேலே பல்பு மங்குகிறது, மானிட்டர் விளக்கு அணைந்து திரும்ப வருகிறது. சிபியு யுபிஎஸ்ஸில் இருந்ததால் அது ஒன்றும் அறியாமல் ஓடுகிறது. மானிட்டரை மட்டும் நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருந்தார்கள். பதினைந்து வருடம் ஆன மானிட்டர் வேறு. யுபிஎஸ்ஸுக்கு மாற்றியதும் பாதி குணமானது. மீதிக்கு, மானிட்டரைச் சேலத்துக்குக் கொண்டுவந்து, எங்களுக்குத் தெரிந்த டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பவர் போர்டில், கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை பணியாரம் போல உப்பியிருந்தது. மாற்றிக் கொடுத்தார். இந்த வேலையை யாரும் வீட்டில் தாங்களே திறந்து செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

விளக்கு எரிகிறது, "நோ சிக்னல்" எழுத்தும் இல்லை, திரை மட்டும் இருட்டு என்றால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஆவி போல மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்கு. அதற்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

அந்த ஐந்து மீட்டர் கேபிளை நான் வீசவில்லை. "60-க்கு மட்டும்" என்று துணி டேப்பில் எழுதி ஒட்டி, மாமியார் பார்க்கும் டிவிக்கு மாட்டியிருக்கிறேன். அங்கே இதுவரை ஒரு நாளும் கறுக்கவில்லை.